பிஷப்பைக் கேள்வி கேட்ட ஜூலுக்காரர்

தென்னாப்பிரிக்காவில் கொலென்சோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1899 டிசம்பரில், போயர் போரில், காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை ஸ்ட்ரெச்சர் தூக்கிய இடம். படையில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள். அந்த ஊருக்குப் பெயர் வந்தது ஜான் வில்லியம் கொலென்சோ என்பவரிடமிருந்து. நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப். அவர் கதை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் மதம் இல்லை, கணக்கு!

மனுஷன் 1836-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாவதாக வந்தவர். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஓடிய அரித்மெட்டிக், அல்ஜீப்ரா புத்தகங்கள் எழுதியவர். 1855-ல் குடும்பத்தோடு நேட்டாலில் குடியேறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் மிஷன் அமைத்தார். ஜூலு கற்றுக்கொண்டு இலக்கணம், ஜெபப் புத்தகம், வேதாகமப் பகுதிகள், 1861-ல் அகராதி என்று வரிசையாகக் கொண்டுவந்தார்.

ஜெபப் புத்தகத்தில் முதல் சிக்கலே கடவுளுக்கு என்ன சொல் என்பதுதான். மற்ற மிஷனரிகள் 'உதிக்ஸோ' என்று எழுதிவந்தார்கள். (அந்த 'க்ஸ்' உண்மையில் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் ஒலி. தமிழில் எழுத வழியில்லை.) அது கோய் மக்களிடமிருந்து கோசா மொழிக்கு வந்த சொல். ஜூலுக்களிடமே கேட்டுப் பார்த்த கொலென்சோ, அவர்கள் சொல்லும் 'உன்குலுன்குலு' போதும் என்றார். பெரியவருக்கும் பெரியவர் என்கிற மாதிரி அர்த்தம். ஹென்றி காலவே என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனரி ஒத்துக்கொள்ளவில்லை. அது நாணல் புதரிலிருந்து வெளிப்பட்ட ஆதி மூதாதையைக் குறிக்கும் சொல், கடவுள் இல்லை என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் கேட்டது ஜூலுக்களிடம்தான், கிடைத்த பதில்தான் வேறு வேறு. பரிசுத்த ஆவிக்கு 'உமோயா'. காற்று, மூச்சு, ஆவி எல்லாவற்றுக்கும் அதே சொல். நமக்கு 'ஆவி' பழகிப்போனதால் இது விசித்திரமாகப் படாது.

கொலென்சோவுக்கு மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தவர் வில்லியம் இன்கிடி என்ற ஜூலுக்காரர். நோவா கதை வந்தபோது அவர் கேட்டார்: இதெல்லாம் நிஜமா? சூடான தேசம், குளிர் தேசம் எல்லாவற்றிலிருந்தும் மிருகங்கள் ஜோடி ஜோடியாகக் கப்பலுக்கு வந்தனவா? அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்தாரா?

வேறொருவராக இருந்தால் "நம்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். இவரால் முடியவில்லை. பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். பாலைவனத்தில் போருக்குத் தகுதியான ஆண்கள் மட்டும் 6 லட்சம் என்றால் மொத்த ஜனம் சுமார் 20 லட்சம். அப்படியானால் பிரசவத்துக்குப் பிறகு செலுத்தும் காணிக்கைப் புறாக்கள் மட்டும் தினம் 264. அவற்றை உண்ண வேண்டிய ஆசாரியர்கள் மூன்றே பேர். தலைக்கு 88 புறா, தினமும்! எங்கள் பாஷையில், டேலி ஆகவில்லை.

1862-ல் இது புத்தகமாக வந்ததும் இங்கிலாந்து கொதித்தது. ஜூலுவை மதம் மாற்றப் போன பிஷப்பை ஜூலு மாற்றிவிட்டான் என்று கேலி. அந்தக் கேலியில் இருந்த திமிர்தான் எனக்கு உறுத்துகிறது. கறுப்பன் கேட்டால் அது கேள்வியே இல்லையாம். 1863-ல் கேப்டவுன் பிஷப் ராபர்ட் கிரே அவரைப் பதவி நீக்கினார். 1865-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அது செல்லாது என்றது. நிறுத்திய சம்பளத்துக்கும் வழக்குப் போட்டு 1866-ல் ஜெயித்தார். பிறகு அதே நேட்டாலுக்கு எதிர்த்தரப்பு இன்னொரு பிஷப்பை அனுப்பியது தனிக்கூத்து.

1874-ல் லங்காலிபலேலே என்ற தலைவரைக் காலனி அரசு தண்டித்தபோது அவருக்காக வாதாடினார். மிச்சமிருந்த வெள்ளைக்கார நண்பர்கள் பலர் அத்தோடு போனார்கள். ஜூலுக்கள் வைத்த பெயர் 'சோபன்டு', ஜனங்களின் தகப்பன். 1883-ல் இறந்தார்.

ஜூலு வேதாகமத்தில் இன்றும் 'உன்குலுன்குலு'தான். மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் பழகிய மகேமா ஃபூஸே என்ற பையன், வயதான காலத்தில் தன் ஜனங்களின் சரித்திரத்தை ஜூலுவிலேயே எழுதினார். 1922-ல் வெளிவந்தது.