சத்திரத்துச் சோறும் திருவையாற்றுத் தமிழும்



போன மாதம் ஈரோட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "பன்னீர்செல்வம் பார்க் எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம், "தம்பி, இந்தப் பன்னீர்செல்வம் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். வாத்தியார் புத்தி, ஓய்வு பெற்றும் போகவில்லை. "முன்னாள் முதல்வர்தானே சார்?" என்றான். அவன்மேல் தப்பில்லை, நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பூங்காவுக்குப் பெயரான சர் ஏ.டி. பன்னீர்செல்வம் எங்கள் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர். திருவாரூர் பக்கம் செல்வபுரத்தில் 1888இல் பிறந்தவர். கத்தோலிக்கக் கிறித்தவர், பாரிஸ்டர், நீதிக்கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், சென்னை மாகாணத்தில் உள்துறை மந்திரியாக இருந்தவர். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது, 1920களில் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக அவர் செய்த இரண்டு காரியங்களை.

முதலில் சத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் என்று அரசகுலப் பெண்கள் பெயரில் பல. யாத்திரை போகிறவர்களுக்குச் சாப்பாடு, தங்க இடம், சில இடங்களில் படிப்பும் உண்டு. செலவுக்கு நிலமும் கிராமங்களும் எழுதி வைத்திருந்தார்கள். ராஜ்யம் போன பிறகு இவற்றின் நிர்வாகம் ஜில்லா போர்டு கைக்கு வந்தது.

ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் இந்தச் சத்திர வருமானத்தில் இலவச மாணவர் விடுதிகள் நடந்தன. ஆனால் அங்கே இடம் பிராமண மாணவர்களுக்கு மட்டும்தான். அதே நிலத்தில் நாற்று நட்டு, கதிர் அறுத்து, நெல்லை அளந்து கொட்டியவன் மகனுக்கு அந்த நெல்லில் ஒரு பிடி சோறு கிடையாது. நாலைந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் வருகிற பையனுக்கு மத்தியானச் சாப்பாடு இல்லையென்றால் படிப்பு எத்தனை நாள் ஓடும்? முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், பசிதான் முதல் இடைநிற்றல்.

பன்னீர்செல்வம் அந்த விடுதிகளை எல்லாச் சாதி மாணவருக்கும் திறந்துவிட்டார். அவருக்குத் துணை நின்றவர் கரந்தைத் தமிழ்ச் சங்கத்துத் தமிழவேள் உமாமகேசுவரனார். அவர் அப்போது தாலுகா போர்டு தலைவர். ஒருவர் கிறித்தவர், ஒருவர் சைவர். இருவருக்கும் நடுவே மதம் குறுக்கே வரவில்லை என்பதை இந்தக் காலத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரியம் திருவையாற்றில் நடந்தது. அங்கே அதே சத்திர நிதியில் ஒரு கல்லூரி இருந்தது. அதில் வடமொழி மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பர் பாடிய ஊர், காவிரிக் கரை, அங்கே தமிழுக்கு ஒரு பெஞ்சு கிடையாது! மன்னர் வைத்த அறக்கட்டளையில் கை வைக்கலாமா என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். வடமொழியை அவர் எடுத்துவிடவில்லை, அது அங்கேயே இருந்தது. அதோடு தமிழ் வித்துவான் படிப்பும் சேர்ந்தது. அரசர் கல்லூரி என்று நாம் சொல்வது அதைத்தான்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கடன் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா திருவையாற்றில் வித்துவான் படித்தவர். அவர் வீட்டில் அவருக்கு முன்னால் யாரும் பள்ளிப் படிகூட மிதித்ததில்லை. புறநானூறு நடத்தும்போது கண்ணை மூடிக்கொள்வார். நான் வாத்தியார் ஆனதே அவரைப் பார்த்துத்தான்.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும், புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. நீதிக்கட்சி பெரும்பாலும் நிலக்கிழார்கள் கட்சி, இவரும் அப்படிப்பட்ட குடும்பம்தான். தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வர 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதிக் கதவைத் திறந்தவர்கள் களத்துமேட்டுக் கணக்கில் அவ்வளவு தூரம் போகவில்லை.

1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159ஐப் பிடித்தது. நீதிக்கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவே தோற்றுப்போனார். பன்னீர்செல்வம் ஜெயித்துச் சட்டசபைக்குள் போனார். அடுத்த வருடம் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, எண்ணிக்கையில் சிறுத்துப்போன எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அதை எதிர்த்துப் பேசினார். வெளியே போராட்டம் நடந்தது. கும்பகோணத்துத் தாளமுத்து 1939 மார்ச்சில் சிறைவாசத்தில் உயிர்விட்டார், அவரும் எங்கள் மாவட்டம். பெரியார் சிறையில் இருந்தபடியே நீதிக்கட்சித் தலைவரானார். 1938 டிசம்பர் மாநாட்டில் அவருடைய தலைமை உரையை மேடையில் படித்தவர் பன்னீர்செல்வம்தான்.

1940 பிப்ரவரி 21இல் கட்டாய இந்தி ரத்தானது. அந்தச் சமயத்தில் அவருக்கு லண்டனில் இந்திய மந்திரியின் ஆலோசகர் பதவி வந்திருந்தது. விமானத்தில் புறப்பட்டார். மார்ச் 1, ஓமான் கடல் பகுதிக்கு மேலே 'ஹானிபால்' என்ற அந்த விமானம் எட்டுப் பேரோடு காணாமல் போனது. ரத்தாகி ஒன்பதே நாள். வயது 51. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை.

ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள் உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வருடம், சாப்பாட்டுக்கு என்ன போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.