தோல் துருத்தியில் பிறந்த கார்பரேட்டர்

பழைய அம்பாசிடரின் பானட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு, கவிழ்த்து வைத்த மணி மாதிரி ஓர் அலுமினிய மூடி நினைவிருக்கும். பல அம்பாசிடர்களில் இருந்த எஸ்.யு. கார்பரேட்டர் அது. நான் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் தினமும் கையில் புரண்ட சாமான்.

எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். இங்கிலாந்தில் காலணி வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளைகளான ஹெர்பர்ட் ஸ்கின்னரும் தம்பி கார்லைலும் 1905 வாக்கில் இதை உருவாக்கினார்கள். இன்று உள்ளே ஏறி இறங்கும் உலோகப் பிஸ்டனுக்குப் பதிலாக, முதலில் இருந்தது ஒரு தோல் துருத்தி. செருப்புக் கடைக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்! 1926இல் வில்லியம் மோரிஸ் அந்தக் கம்பெனியை வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்ததுதான் உத்தர்பாராவில் தயாரான நம் அம்பாசிடர்.

மற்ற கார்பரேட்டர்களில் காற்று போகும் தொண்டையின் அளவு மாறாது. அதனால் மெதுவாக ஓட ஒரு ஜெட், வேகத்துக்கு இன்னொன்று, ஆக்சிலேட்டரை மிதித்ததும் பெட்ரோல் பீய்ச்ச ஒரு குட்டிப் பம்ப் என்று பல உறுப்புகள். எஸ்.யு.வில் ஒரே ஜெட், அதற்குள் கூர்மையாக இறங்கும் ஒரே ஊசி. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் மேலே போகும், தொண்டை அகலும், ஊசியும் கூடவே உயர்ந்து பெட்ரோலுக்கு வழிவிடும். இவ்வளவுதான்.

இது புரிந்தால் கோளாறைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியான கலவை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிஸ்டனை உயர்த்தி விட்டால், 'டக்'கென்று சத்தத்தோடு விழ வேண்டும். விழாவிட்டால் உள்ளே அழுக்கு, அல்லது ஜெட் நடுவில் இல்லை.

இதற்கெல்லாம் முன்பு பிளக்கையும் பாயிண்டையும் பார்த்துவிட வேண்டும். கார்பரேட்டர் தலையில் விழும் பழியில் பாதி இக்னிஷனுடையது என்பது என் அனுபவம்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர், அப்பா வாங்கிய அம்பாசிடரைக் காயலான் கடைக்கு அனுப்பும் முடிவில் இருந்தார். மிதித்தால் திணறுகிறது, கார்பரேட்டரையே மாற்றணும், சாமானும் கிடைக்காது என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டாராம். உச்சியில் உள்ள டேம்பரைக் கழற்றினேன். உள்ளே சொட்டு ஆயில் இல்லை. ஆயில் இல்லாவிட்டால் மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி மேலே போகும், காற்று மட்டும் அதிகமாகப் புகும், வண்டி திணறும். மெல்லிய ஆயில் கொஞ்சம் விட்டு மூடினேன். அன்று மாலையே மனைவியை உட்காரவைத்துக் கோயிலுக்கு ஓட்டிப் போனார்.

இப்போதைய தலைவலி எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் அதில் ஊறிக் கெட்டுப்போகின்றன. எத்தனாலைத் தாங்கும் குழாய் கேட்டு வாங்குங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.