பெஞ்சில் இருக்கும் கோல்காவலருக்கு என்ன விலை? ஜேடிடி ரசிகர்களுக்கு ஒரு விளக்கம்

‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகத்தைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் அவருக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த கோல்காவலர் யார் என்று கேட்டால்? கொஞ்சம் யோசிப்பார்.

இரண்டாவது கோல்காவலரின் நிலைமை இதுதான். தாக்குதல் ஆட்டக்காரருக்குக் கடைசி 20 நிமிடமாவது கிடைக்கும். கோல்காவலருக்கு இருப்பது ஒரே இடம். அடுத்தவருக்குக் காயமோ சிவப்பு அட்டையோ வந்தால்தான் வாய்ப்பு. அப்படியென்றால் ஆடாத ஒருவருக்கு விலை எப்படிப் போடுவது?

ஜொகூரில் ஏன் இந்தப் பேச்சு?

ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது ஜேடிடி, 2014 முதல் மலேசிய சூப்பர் லீக்கை ஆண்டு தவறாமல் வென்று வரும் அணி. நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே வந்து சேர்வதில் வியப்பில்லை. 2023-இல் நெகிரி செம்பிலானிலிருந்து சிஹான் ஹஸ்மி வந்தபோது, தேசிய அணி அனுபவமுள்ள ஃபரிசால் மார்லியாஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுடன் மலேசியா 3-3 எனச் சமன் கண்டபோது கோல் காத்தவர் சிஹான்தான். அதே ஆண்டு ஸ்பெயினைச் சேர்ந்த ஆண்டோனி ஸுபியாவ்ரேயும் ஜேடிடிக்கு வந்தார். ஆசியச் சாம்பியன்ஸ் லீக் எலைட் போட்டியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான வரம்பு 2024/25 பருவத்திலிருந்து இல்லை.

தேசிய அணிக் கோல்காவலரே கிளப்பில் இடத்துக்குப் போராட வேண்டிய நிலை. “பேசாம வித்துடலாமே” என்று ரசிகர்கள் சொல்வது சுலபம். ஆனால் எவ்வளவுக்கு? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. அவர் ஆடி நாம் எவ்வளவு பார்த்திருக்கிறோம்?

பயிற்சியில் அவர் எப்படி என்பது சொந்தக் கிளப்புக்குத் தெரியும். வாங்க வருகிறவருக்குத் தெரியாது. அவர் ஆட்டங்களைத்தான் பார்ப்பார்.

எமிலியானோ மார்டினெஸ் 2010-இல் ஆர்சனலில் சேர்ந்தார். பல ஆண்டுகள் பெஞ்சிலும், லோனில் வேறு கிளப்புகளிலும் கழிந்தன. 2020 ஜூனில் முதல் கோல்காவலர் பெர்ன்ட் லேனோ காயமடைந்தார். மார்டினெஸ் உள்ளே வந்தார், எஃப்ஏ கிண்ணம் வென்றார். செப்டம்பரில் ஆஸ்டன் வில்லா அவரை வாங்கியது. விலை 20 மில்லியன் பவுண்டு வரை போகலாம் என்று செய்திகள் வந்தன. சில வார ஆட்டங்கள் பத்தாண்டுக் காத்திருப்பின் விலையையே மாற்றிவிட்டன. 2022-இல் அவர் அர்ஜென்டினாவுடன் உலகக் கிண்ணம் வென்றது அடுத்த கதை.

2. ஒப்பந்தத்தில் எவ்வளவு காலம் மிச்சம்?

ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருக்கும்போது ஆட்டக்காரர் வேறு கிளப்புடன் கையெழுத்திடலாம். காலாவதியானதும் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமலே போய்விடலாம். அதனால் நாள் குறையக் குறைய விலையும் இறங்கும்.

அமெரிக்கக் காற்பந்திலும் இதே கணக்குதான். அங்கே குவார்ட்டர்பேக் என்பது கோல்காவலர் மாதிரி ஒரே ஒருவர் ஆடும் இடம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் டாம் பிரேடிக்குப் பின்னால் காத்திருந்த ஜிம்மி கரோப்போலோ, அந்த அணிக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியவை இரண்டே ஆட்டங்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், 2017 அக்டோபரில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பப்பட்டார். பதிலுக்குக் கிடைத்தது, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஓர் இடம். அங்கே அணிகளே இப்படிப் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். நம் காற்பந்தில் ஆட்டக்காரர் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது.

3. யாருக்கு அவசரம்?

முதல் கோல்காவலரை இழந்து நிற்கும் கிளப் அதிகம் கொடுக்கும். மூவரை வைத்திருக்கும் கிளப் திரும்பிக்கூடப் பார்க்காது. விற்கிறவருக்கும் பயம் உண்டு: டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்த மறுவாரமே முதல்வருக்குக் கை முறிந்தால்? இரண்டாவது கோல்காவலர் ஒரு காப்புறுதி மாதிரி. விபத்து நடக்காதவரை வீண் செலவாகத்தான் தெரியும்.

மலேசியச் சந்தையில் என்ன வேறுபாடு?

இங்கே வாங்குகிறவரிடம் பணம் இருக்கிறதா என்பதே முதல் பிரச்சினை. பல கிளப்புகளில் சம்பள பாக்கி பற்றிய செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். பேராக், கெடா போன்ற பழம்பெரும் அணிகளே 2025/26 சூப்பர் லீக்கில் இல்லை. ஆக, தரமான கோல்காவலராக இருந்தாலும் பெரிய தொகை எதிர்பார்ப்பது கஷ்டம். லோனில் அனுப்பி, சம்பளத்தில் ஒரு பகுதியை அந்தக் கிளப் ஏற்பதுதான் பல நேரம் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆட்டக்காரர் பக்கமிருந்தும் பாருங்கள். வேறு கிளப்புக்குப் போனால் ஆட்டம் கிடைக்கும், மாதச் சம்பளம் கிடைக்குமா? இங்கேயே இருந்தால் சம்பளம் நிச்சயம், ஆனால் தேசியப் பயிற்றுநரின் கண்ணில் படுவாரா? குடும்பம் வைத்திருப்பவருக்கு இது லேசான முடிவில்லை. கோல்காவலர்கள் 35 வயதைத் தாண்டியும் ஆடுவதுண்டு. அதனால் 28 வயதில் காத்திருப்பவரை முடிந்துபோனவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆடாமல் போகும் ஒவ்வொரு பருவமும் அவரைப் பற்றிய ஆதாரத்தைப் பழையதாக்குகிறது.

அடுத்த முறை சுல்தான் இப்ராஹிம் அரங்கில் ஆட்டத்துக்கு முன் இரண்டாவது கோல்காவலர் பயிற்சி எடுப்பதைப் பார்த்தால், “இவர் எதுக்கு?” என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது ஆடினார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த அணிக்கு இப்போது ஆள் இல்லை என்று பாருங்கள். அவருடைய விலை அந்த மூன்று பதில்களில்தான் இருக்கிறது.