செவ்வாயின் கோடுகளும் முகமும்: கருவியின் எல்லையில் பிறந்த தோற்றங்கள் (1877–2006)

நிலவின் கறையில் நம் மரபு முயலைக் கண்டது. வடை சுடும் பாட்டியையும் கண்டது. ஐரோப்பியர் அதே கறையில் ஒரு மனித முகத்தைக் கண்டார்கள். உருவங்கள் வேறு, கறை ஒன்றே. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் சமவெளிகள் அங்கே உண்மையாகவே இருக்கின்றன. ஒவ்வொரு சமூகமும் தன் கதையை அவற்றின் மேல் ஏற்றியது. செவ்வாயில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. அங்கே கதைக்கு ஆதாரமான வரைகளைக்கூடப் பெரும்பாலும் பார்த்தவரின் கண்ணே வரைந்துகொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ‘கால்வாய்கள்’, இருபதாம் நூற்றாண்டின் ‘முகம்’ ஆகிய இரண்டையும் தனித்தனி வேடிக்கைகளாகச் சொல்லிவிடுவது வழக்கம். இரண்டும் ஒரே வரலாற்றின் இரு கட்டங்கள் என்றும், இரண்டுமே கருவியின் பிரிதிறன் முடியும் விளிம்பில் பிறந்தவை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

1877 செப்டம்பரில் செவ்வாய் பூமிக்கு மிக நெருங்கி வந்தது. மிலானின் பிரேரா வானாய்வகத்தில் ஜொவான்னி ஸ்கியாபரெல்லி ஏறத்தாழ 22 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியால் அதை வரைபடமாக்கினார். இருண்ட பகுதிகளை இணைக்கும் மெல்லிய கோடுகள் அவ்வரைபடத்தில் இடம்பெற்றன. அவர் பார்த்த சூழலை மறந்துவிடக் கூடாது. மிக அருகில் வரும்போதும் செவ்வாயின் வட்டு, முழு நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்குதான். அதுவும் பூமியின் காற்றலைவில் நடுங்கிக்கொண்டே இருக்கும். காற்று அசையாமல் நிற்கும் ஓரிரு கணங்களில் கண்டதை நினைவில் வைத்துக்கொண்டு கை வரைய வேண்டும். கண்டதற்கும் வரைந்ததற்கும் நடுவே மூளை புகுந்து வேலை செய்யப் போதுமான இடைவெளி அங்கே இருந்தது.

அந்த இடைவெளியில் ஒரு நாகரிகத்தையே குடியேற்றியவர் பெர்சிவல் லோவெல். 1894இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரில் வானாய்வகம் நிறுவினார். வறண்டுவரும் கோளில், துருவப் பனி உருகிய நீரைக் கொண்டுசெல்ல அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்களே இந்தக் கோடுகள் என்று நூல்கள் எழுதினார். உழைப்பிலோ நேர்மையிலோ குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் 1896இல் அடர்ந்த மேகம் போர்த்திய வெள்ளிக் கோளிலும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற கோடுகளை அவர் கண்டார். தொலைநோக்கியின் திறப்பைச் சுருக்கிவைத்துப் பார்த்ததால் தம் விழித்திரையின் இரத்தக்குழாய் நிழலையே அவர் வரைந்திருக்கக்கூடும் என்ற விளக்கம் பின்னாளில் முன்வைக்கப்பட்டது.

கால்வாய் விவாதத்தில் பெரும்பாலோர் படத்தைப் பற்றியே வாதாடினார்கள். கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று முனைந்தவர் கிரீனிச் வானாய்வகத்தின் வால்டர் மாண்டர். இந்த வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம். கிரீனிச்சில் இருந்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் எவன்ஸுடன் சேர்ந்து அவர் ஒரு சோதனை நடத்தினார். செவ்வாய் போன்ற வட்டப் படங்களைச் சுவரில் மாட்டி, வெவ்வேறு தூரங்களில் மாணவர்களை உட்காரவைத்து, கண்டதை வரையச் சொன்னார்கள். படங்களில் ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் இருந்தன, கால்வாய்கள் இல்லை. அருகில் இருந்தவர்கள் புள்ளிகளைப் புள்ளிகளாகவே வரைந்தார்கள். மிகத் தொலைவில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. நடுத்தூரத்தில், நுண்விவரம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த சிறுவர்கள் பலர் நேர்கோடுகளை வரைந்தார்கள். 1903இல் இச்சோதனை வெளியானது. பிரான்சில் வானியலாளர் ஃபிளமாரியான் இதைத் திரும்பச் செய்தபோது மாணவர்கள் கோடு வரையவில்லை. லோவெலோ இதைச் சிறுவர்களின் கோட்பாடு என்று ஒதுக்கினார். ஆயினும் மாண்டர் சுட்டிய அந்த நடுத்தூரம் முக்கியமானது. உருவ மயக்கம் முழு இருளிலும் எழுவதில்லை, முழுத் தெளிவிலும் எழுவதில்லை.

1905இல் லோவெலின் உதவியாளர் லாம்ப்லாண்ட் செவ்வாயை ஒளிப்படம் எடுத்தார். ஒரு சென்டிமீட்டர் விட்டம்கூட இல்லாத அந்தப் பிம்பங்களில் ஆதரவாளர்களுக்குக் கோடு தெரிந்தது; மற்றவர்களுக்குத் தெரியவில்லை. 1909 செப்டம்பரில் பாரிஸை அடுத்த மூடான் வானாய்வகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கி வழியே யூஜின் அந்தோனியாடி பார்த்தார். முன்பு தாமே கால்வாய்களை வரைந்தவர் அவர். காற்று அபூர்வமாக அடங்கியிருந்த அந்த இரவில் கோடுகள் கலைந்து ஒழுங்கற்ற திட்டுகளாகப் பிரிந்தன. 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய, இருபத்தொரு முழுப் படங்களும் இன்னொன்றின் சிறு துண்டும் கொண்ட தொகுப்பில் கிண்ணக்குழிகள் நிறைந்திருந்தன. மாரினர் 9 கோளைச் சுற்றிவந்து படமெடுத்த பின், கார்ல் சேகனும் பால் ஃபாக்ஸும் 1975இல் பழைய கால்வாய் வரைபடங்களைப் புதிய படங்களோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான கால்வாய்களுக்கு ஈடாகத் தரையில் எதுவும் இல்லை.

மறு ஆண்டே முகம் வந்தது. 1976 ஜூலை 25 அன்று, வைக்கிங் 2 இறங்குவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்த வைக்கிங் 1 சுற்றுக்கலம் செவ்வாயின் வடபாதியில் உள்ள சிடோனியா என்ற பகுதியைப் படமெடுத்தது. தாழ்ந்திருந்த சூரியன் பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்ச, ஏறத்தாழ 1.5 கி.மீ. அகலமுள்ள ஒரு மேட்டில் கண்குழி, மூக்கு, வாய் எல்லாம் தெரிந்தன. படத்தின் ஒரு படப்புள்ளி தரையில் சுமார் 50 மீட்டரை அடக்கியது. அப்படியானால் அந்தக் கண்ணும் வாயும் சில படப்புள்ளிகள்தாம். தகவல் பரிமாற்றத்தில் விடுபட்ட தரவுகள் கரும்புள்ளிகளாய்ச் சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று சரியாக நாசித்துளை இருக்க வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. நாசா சில நாள்களில் படத்தை வெளியிட்டபோதே, நிழல்களால் மனிதத் தலைபோல் தோன்றுகிறது என்று குறிப்பிட்டிருந்தது. விளக்கம் படத்தோடு சேர்ந்தே வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வின்சென்ட் டிபியெட்ரோ, கிரெகரி மோலெனார் என்ற இரு கணினிப் பொறியாளர்கள் சூரியன் சற்று உயர்ந்திருந்தபோது எடுத்த இன்னொரு படத்தையும் தேடியெடுத்தார்கள். படப்புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்டு நிரப்பிப் படங்களை மென்மையாக்கினார்கள். அதனால் முகம் இன்னும் முகமானது. புதிய தகவல் எதையும் இந்த முறை சேர்க்காது. கட்டங்கட்டமான விளிம்புகளை அகற்றி, மூளைக்குப் பிடித்த வளைவுகளைத் தரும். மாண்டரின் நடுத்தூரத்தைக் கணினியால் மீண்டும் உண்டாக்கியது போன்ற செயல் இது. 1987இல் ரிச்சர்ட் ஹோக்லாண்டின் நூல் அங்கே ஒரு நகரத்தையே கட்டியது.

முகம் என்பது கோட்டைவிடவும் வலிய தூண்டல். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகளின் பார்வை முகம் போன்ற வடிவைப் பின்தொடர்வதை 1975இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1997இல் நான்சி கான்விஷரும் உடனாய்வாளர்களும் மூளையின் கதிர்வடிவ மடிப்பில் முகங்களுக்குச் சிறப்பாகத் துலங்கும் பகுதியை விவரித்தார்கள். முகம் போல் தோன்றும் பொருள்களைக் கண்டதும் அப்பகுதி 165 மில்லிநொடியளவில் துலங்குவதாக 2009இல் நூஷின் ஹஜிகானி குழு அறிவித்தது. சிந்தித்து முடிவெடுப்பதற்கு முன்பே முகம் வந்துவிடுகிறது. எனவே நம்பியவர்களை அறியாமை உடையவர்கள் என்று ஒதுக்குவது பொருந்தாது. அந்த மேட்டில் முகத்தைக் காணாதவர் யாருமில்லை.

1998 ஏப்ரல் 5 அன்று மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் படப்புள்ளிக்கு 4.3 மீட்டர் நுட்பத்தில் அந்த மேட்டைப் படமெடுத்தது. முகம் காணாமல் போயிருந்தது. அப்போது அங்கே மெல்லிய மேகம் இருந்ததால் அது முகத்தை மறைத்திருக்கும் என்றார்கள் சிலர். 2001 ஏப்ரல் 8 அன்று மேகமற்ற வானில் சுமார் 1.5 மீட்டர் நுட்பத்தில் மீண்டும் எடுத்தார்கள். பிளவுண்ட பாறை மேடு அது. அமெரிக்காவின் ஐடஹோவில் உள்ள மிடில் பியூட் என்ற மேட்டோடு அதை ஒப்பிட்டார் நாசா அறிவியலாளர் ஜேம்ஸ் கார்வின்.

எல்லாத் தோற்றங்களும் இப்படிக் கலைவதில்லை. சிரிக்கும் முகம் போன்ற காலே கிண்ணக்குழி, சுமார் 230 கி.மீ. அகலத்தில், எந்தக் கலம் பார்த்தாலும் சிரிக்கிறது. விளிம்பும் உள்ளே வளைந்த மலைத்தொடரும் அங்கே உண்மையாகவே உள்ளன. அது நிலவின் முயலைச் சேர்ந்த இனம். மயக்கம் இப்போது வேறோர் எல்லைக்கு நகர்ந்திருக்கிறது: அளவு தெரியாமை. 2022 மே மாதம் கியூரியாசிட்டி ஊர்தி அனுப்பிய படத்தில் பாறையில் குடைந்த வாசல் தெரிந்தது. அதன் உயரம் சுமார் 30 செ.மீ.

சிடோனியாவில் இன்று வேறு கேள்விகள் கேட்கப்படுகின்றன. செவ்வாயின் தென்பகுதி மேட்டுநிலம் வடசமவெளியாகத் தாழும் எல்லையில் அப்பகுதி அமைந்துள்ளது. 2006 ஜூலையில் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம் அதை முப்பரிமாணத்தில் படமெடுத்தது. மேடுகளின் அடிவாரங்களைச் சுற்றிப் பாறைக்குப்பை விழுதுகளாய்ச் சரிந்து கிடப்பதை அப்படங்கள் காட்டின. ஏறத்தாழ அதே அட்சரேகையில் உள்ள டியூட்டரோனிலஸ் மென்சே பகுதியில் இத்தகைய சரிவுகளுக்குள் ரேடார் பனிக்கட்டியைக் கண்டறிந்திருக்கிறது.