ஹார்டலோ கடற்கரையில் இறங்கிய விமானம்

ஒரு குடும்பம் ஏன் விமானக் கொம்பனி நடத்துது எண்டு கேட்டால், பெரும்பாலும் ஒரு சின்னப் பெடியனின் கதைதான் பதிலாக வரும். வானத்தை அண்ணாந்து பார்த்த பெடியன், பிறகு வளர்ந்து அந்தக் கனவை நிறைவேற்றினான் எண்டமாதிரி. இந்தியாவின் டாட்டா குடும்பத்துக்கும் அப்படியொரு கதை இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை ஒருக்கா நின்று பார்க்க வேண்டும்.

பிரான்சின் வடக்கே, பூலோன் நகருக்குப் பக்கத்தில் ஹார்டலோ என்றொரு கடற்கரை ஊர். ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா குடும்பத்துக்கு அங்கே ஒரு விடுமுறை வீடு இருந்தது. அவருடைய மனைவி சூசான் பிரெஞ்சுக்காரி. 1904 இல் பாரிஸில் பிறந்த இவர்களுடைய மகன்தான் ஜே.ஆர்.டி. டாட்டா. அதே ஊரில் லூயி பிளேரியோ குடும்பத்துக்கும் வீடு இருந்தது. 1909 ஜூலை 25 ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதல் கடந்த அதே பிளேரியோ. 25 குதிரைவலு இயந்திரம், கையில் ஒரு திசைகாட்டிகூட இல்லை. கிட்டத்தட்ட 37 நிமிடத்தில் டோவரில் போய் இறங்கினார்.

பிளேரியோவின் விமானி அடோல்ஃப் பெகூ சிலவேளை ஹார்டலோ மணலில் விமானத்தை இறக்குவார். சிறுவன் ஜே.ஆர்.டி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 15 வயதில் அதே கடற்கரையில் காசு கொடுத்து விமானத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தார். தானும் விமானி ஆகவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது எண்டு பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். பிளேரியோ சும்மா ஒரு வீரர் மட்டுமில்லை. காருக்கு முன்விளக்குச் செய்து விற்று உழைத்த காசைத்தான் அவர் விமானத்தில் கொட்டினார். கால்வாயைக் கடந்ததற்கு ஒரு பத்திரிகை 1,000 பவுண் பரிசு கொடுத்தது. அதற்குப் பிறகு அவருடைய விமானத்துக்குக் கேள்வி குவிந்தது. முன்னோடிகளின் துணிச்சலைப் பற்றி நாங்கள் கனக்கக் கதைக்கிறோம், அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறதில்லை. டாட்டா வீட்டுப் பெடியன் அந்த இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்க வேண்டும் என்பது என்னுடைய ஊகம்.

1929 பெப்ரவரி 10 இல் ஜே.ஆர்.டி.க்கு இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் இலக்க விமானி உரிமம் கிடைத்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையில் தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண் பரிசு அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியில் இருந்து கிளம்ப, 17 வயது ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்தில் இருந்து கிளம்பினார். எகிப்தின் அபுகீரில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பி, ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டுப்பட்டு நின்றார். ஜே.ஆர்.டி. தன்னிடம் மேலதிகமாக இருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. அந்த ஆஸ்பி பின்னாளில் இந்திய விமானப்படையின் தளபதியானார். போட்டியாளருக்கு உதவிய இந்தச் சம்பவத்தைத்தான் நான் இந்த வரலாற்றின் மிக அழகான பக்கம் என்பேன். வியாபாரம் இன்னும் தொடங்கவில்லை, பறப்பின் மீதான ஆசை மட்டுமே இருந்த காலம் அது.

வியாபாரம் இன்னொருவரின் தலையில் இருந்துதான் வந்தது. நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரித்தானிய விமானப்படை விமானி, இந்தியாவில் ஊர் ஊராகப் பறந்து ஆட்களை ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர். இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரைக்கும் கொண்டுவரும் கடிதங்களை அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் எடுத்துப்போகலாம் என்ற திட்டத்தோடு அவர் டாட்டாவிடம் வந்தார். அப்போது தலைவராயிருந்த தோராப்ஜி டாட்டாவுக்கு இதில் அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஜோன் பீற்றர்சன்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். முதலீடு 2 இலட்சம் ரூபா. சேவை தொடங்கும் முன்பே, 1932 ஜூனில், தோராப்ஜி இறந்துவிட்டார்.

1932 ஒக்டோபர் 15. கராச்சியில் இருந்து ஒற்றை இயந்திர பஸ் மொத் விமானத்தை ஜே.ஆர்.டி. தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஏற்றியிருந்தது 25 கிலோ அளவு கடிதம். வழியில் அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்ப வேண்டும். அது மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாய் ஜூஹுவில் வின்சென்ட் பொறுப்பெடுத்து, பெல்லாரியில் இரவு தங்கி, அடுத்தநாள் சென்னைக்குக் கொண்டுபோனார். ஜூஹு ஓடுதளம் கடலோரச் சேற்றுத் தரை. மழைக்காலம் வந்தால் அது தண்ணிக்குள்ளே போய்விடும், புனேக்கு இடம் மாற வேண்டும். அரசாங்க மானியம் கிடையாது. ஏற்றுகிற கடிதத்தின் நிறைக்கு மட்டும்தான் காசு. 1938 இல் இதே சேவை கொழும்பு வரைக்கும் நீண்டது. இரத்மலானையில் வந்திறங்கிய கடிதப் பைகளுக்கும் ஹார்டலோ மணலுக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கிறது.

மாட்டு வண்டியை ஓட்டிவந்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. வின்சென்டின் பெயர் தெரியும், ஆனாலும் கனபேர் சொல்லமாட்டார்கள். 1942 இல், போர்க்காலத்தில், அவர் பயணம் செய்த விமானம் திரும்பி வரவேயில்லை. குடும்ப நிறுவனத்தின் வரலாறு குடும்பப்பெயரோடு எழுதப்படும்போது, குடும்பத்துக்கு வெளியே நிற்பவர் எவ்வளவு செய்திருந்தாலும் அடிக்குறிப்பாகிப் போகிறார். ஹார்டலோவில் அந்த விமானத்தைப் பார்த்த பிள்ளை ஜே.ஆர்.டி. ஒருவராக மட்டும் இருந்திருக்க முடியாது. உந்துதல் எல்லாருக்கும் வரலாம். அதைக் கொம்பனியாக்க 2 இலட்சம் ரூபாவும், கேட்டவுடன் கதவு திறக்கிற பெயரும் வேண்டும்.

அந்தப் பெயராலும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. 1946 இல் ஏர் இந்தியா ஆகிய நிறுவனத்தை 1953 இல் நேரு அரசாங்கம் தேசியமயமாக்கியது. ஜே.ஆர்.டி. எதிர்த்தார். ஆனாலும் சர்வதேசச் சேவையின் தலைவராக 1978 வரை இருந்தார், அந்த வருடம் மொரார்ஜி தேசாய் அரசாங்கம் அவரை நீக்கியது. 1982 ஒக்டோபர் 15 இல், 78 வயதில், பழைய விமானமொன்றை எடுத்துக் கராச்சியில் இருந்து பம்பாய்க்கு மறுபடியும் தனியே பறந்தார். கொம்பனி கையில் இல்லாதபோதும் அந்தப் பெடியன் இருந்திருக்கிறான் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா திரும்பவும் டாட்டாவிடம் வந்தது. ஏலத்தில் வென்ற செய்தி வந்ததும் ரத்தன் டாட்டா எழுதிய குறிப்பில் ஜே.ஆர்.டி.யின் பெயர் இருந்தது. முன்னோடியின் கதை ஒரு சொத்து போலத் திரும்பிக் கைமாறியது.

2025 ஜூன் 12 இல் அகமதாபாத்தில் இருந்து இலண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 260 பேர் இறந்தார்கள். முதல் பயணத்தில் மாட்டு வண்டி எரிபொருள் கொண்டுவந்த அதே ஊர். காரணத்தை விசாரணைதான் சொல்லவேண்டும், நாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு யாருக்கும் ஹார்டலோ கதை ஆறுதலாக இருந்திருக்காது.

முன்னோடிகள் ஒரு தலைமுறைக்கு ஆசையைக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடியும். மிச்சமெல்லாம் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பறப்புக்கும், பெயர் தெரியாத ஆட்கள் செய்கிற வேலை. ஜே.ஆர்.டி.யிடம் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்றிருந்தால், நான் முதலாம் இலக்க உரிமத்தை எடுக்கமாட்டேன். அபுகீரில் போட்டியாளரின் கையில் வைத்த அந்த ஸ்பார்க் பிளக்கைத்தான் எடுப்பேன்.