பச்சைவீட்டு வாயுக்களும் மாத்தளை மலைச்சரிவுகளும்

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' புயலினால் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களைப் போன்றே மாத்தளை மாவட்டமும் வெள்ளத்தாலும் மண்சரிவினாலும் பாதிக்கப்பட்டது. இத்தகைய பெருமழைக்கும் புவி வெப்பமடைதலுக்கும் உள்ள தொடர்பை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சூரிய ஒளியினால் சூடேறும் பூமி, அவ்வெப்பத்தை மீண்டும் விண்வெளிக்கு வெளிவிடுகின்றது. அதில் ஒரு பகுதியை நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன், நைதரசு ஒட்சைட்டு ஆகிய வாயுக்கள் உறிஞ்சித் தடுத்து வைக்கின்றன. இதுவே பச்சைவீட்டு விளைவு எனப்படுகின்றது. இவ்வாயுக்கள் இல்லையெனில், ஏறத்தாழ 15 பாகை செல்சியஸாக உள்ள பூமியின் சராசரி வெப்பநிலை, மறை 18 பாகையாகவே இருந்திருக்கும். எனவே, அவற்றின் இருப்பு தீங்கன்று. அவை அளவு மீறுவதே தீங்காகும்.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை எரிப்பதும் காடழிப்பும் இதற்குப் பிரதான காரணங்களாகும். வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் அதிகரிக்கின்றது. ஆகவேதான் பெய்யும் மழை ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கின்றது.

மாத்தளையின் மிளகுக் கொடி பூப்பதற்கு, வரட்சிக்குப் பின் உரிய காலத்தில் மழை கிடைக்க வேண்டும். பருவம் தவறினால் விளைச்சல் குன்றும். அதேவேளை, நீர் தேங்கிய நெல்வயல்களிலிருந்தும் தம்புள்ளைச் சந்தையைப் போன்ற இடங்களில் அழுகும் மரக்கறிகளிலிருந்தும் மெதேன் வெளியேறுகின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

எனினும், இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே. உலகச் சராசரியோ 4 தொன்னிலும் அதிகமாகும். குற்றம் புரிந்தோர் வேறெங்கோ இருக்க, தண்டனையை அனுபவிப்பவர்கள் மலைச்சரிவு லயன்களில் வாழும் எமது மக்களாவர். நக்கிள்ஸ் வனத்தைப் பேணுவதும், அபாய வலயங்களில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வழங்குவதும் அடுத்த பருவமழைக்கு முன்னர் ஆற்றப்பட வேண்டிய கடமைகளாகும்.