அகோராபோபியா: ஓட்டத்தில் பிறந்த பெயர்

'அகோராபோபியா' என்றதும் தமிழ்க் காதுக்கு அகோரப் பசியும் அகோர வெயிலும்தான் நினைவுக்கு வரும். அந்த அகோரம் வடமொழி வழி வந்தது. இந்த அகோரா கிரேக்கம். ஒலியைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. மருத்துவ உலகில் நூற்றைம்பது ஆண்டுகளாகப் புழங்கும் இந்தப் பெயரைத் தமிழில் பலரும் 'திறந்தவெளி அச்சம்' என்று எழுதுகிறோம். பேருந்தில் ஏறப் பயந்து, தனியாகக் கடைக்குப் போகவும் முடியாமல் வீட்டோடு முடங்கிவிட்ட ஒருவர் இதைப் படித்தால், 'எனக்குத்தான் திறந்தவெளியைக் கண்டு பயமே கிடையாதே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருக்காகவாவது இந்தப் பெயரின் வேர்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

முன்பாதியான 'அகோரா', ஒன்றுகூடுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஹோமரின் காவியங்களில் அது மக்கள் கூடும் அவையைக் குறிக்கிறது. பின்னாளில் ஏதென்ஸ் போன்ற நகரங்களில் வணிகமும் வழக்கும் அரசியல் பேச்சும் நடந்த நடுவிடத்துக்குப் பெயராயிற்று. நம் 'மன்றம்' இதற்கு நல்ல இணை. ஊர்ப் பொதுவிடமும் மன்றம், அங்கே கூடும் அவையும் மன்றம். ஆக, வெட்டவெளி என்ற பொருளைவிட ஆட்கூட்டம் என்ற பொருளே இந்தச் சொல்லில் மூத்தது.

பின்பாதியான 'ஃபோபோஸ்' இன்னும் வியப்புத் தருவது. இன்று அச்சம் என்று நாம் பொருள் சொல்லும் இச்சொல், இலியட் காவியத்தில் பெரும்பாலும் போர்க்களத்தில் படை உடைந்து புறமுதுகிட்டு ஓடுவதைச் சுட்டுகிறது. ஓடுதல் என்னும் வினையோடு உடன்பிறந்த சொல் அது. போர்க்கடவுள் ஏரிஸின் மகனுக்கும் அதுவே பெயர். 1877இல் செவ்வாய்க் கோளின் இரண்டு நிலவுகளை அசஃப் ஹால் கண்டறிந்தபோது ஒன்றுக்கு அந்த மகனின் பெயரே சூட்டப்பட்டது. முதலில் கால்களின் ஓட்டம்; அதற்குப் பின்னரே நெஞ்சின் நடுக்கம். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவத்துக்குள் இச்சொல் நுழைந்தது வெறிநாய்க்கடியின் வழியாக. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், அந்நோயைக் கிரேக்கர் 'ஹைட்ரோபோபியா' என்று அழைப்பதைக் குறித்திருக்கிறார். தண்ணீரை விழுங்க முயன்றதுமே தொண்டைத் தசைகள் இறுகிவிடும். நோயாளி குவளையைத் தள்ளிவிடுவார். நெடுங்காலம் 'போபியா' என்றால் மருத்துவர்களுக்கு இதுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், பாதி வேடிக்கையாக, பூனை, எலி, பேய், மருத்துவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போபியாவைச் சேர்த்துப் பட்டியலிட்டார். எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும் பின்னொட்டாக அது மாறியது அந்தக் காலத்தில்தான்.

அகோராபோபியா பிறந்த ஊர் பெர்லின், ஆண்டு 1871. ஷாரிட்டே மருத்துவமனையின் கார்ல் வெஸ்ட்ஃபால் மூன்று ஆண்களின் கதையை எழுதி, இந்தப் பெயரைச் சூட்டினார். அகன்ற சதுக்கத்தைக் கடக்க வேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்குப் போதும். நெஞ்சு படபடக்கும், உடல் நடுங்கும். பயப்பட அங்கே ஒன்றுமில்லை என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். கடைகள் அடைத்துத் தெரு வெறிச்சோடிய வேளையில் பயம் கூடும். பக்கத்தில் யாராவது நடந்தால் குறையும். ஆள் கிடைக்காதபோது, போகிற வண்டியை ஒட்டியே நடந்து கடந்துவிடுவார்கள். கையில் ஒரு தடி இருந்தாலும் ஆறுதல். கொஞ்சம் பீரோ ஒயினோ குடித்துவிட்டுப் போனதும் உண்டு.

வெஸ்ட்ஃபாலின் குறிப்பிலேயே உண்மை இருக்கிறது. வண்டி வந்ததால் சதுக்கம் சுருங்கிவிடவில்லை. துணை வந்தது, பயம் தணிந்தது. அவர்கள் அஞ்சியது வெளியின் அகலத்துக்கு என்பதைவிட, 'ஏதாவது ஆகிவிட்டால் யாருமில்லையே' என்ற நிலைக்குத்தான். பெயர் மட்டும் இடத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

ஓராண்டு முன்னதாக, 1870இல், வியன்னாவின் மோரிட்ஸ் பெனடிக்ட் இதையே 'சதுக்கத் தலைச்சுற்றல்' என்று அழைத்திருந்தார். தலைச்சுற்றல் வேறு, இது அச்சம் என்று வெஸ்ட்ஃபால் மறுத்தார். வியன்னாவின் நகரமைப்பாளர் கமில்லோ ஸிட்டெ 1889இல் வெளியிட்ட நூலில், புதிய நகரங்களின் பிரம்மாண்டமான வெற்றுச் சதுக்கங்களே இந்தப் புதுநோயைத் தருகின்றன என்று எழுதினார். ஜெர்மன் மொழியில் இதற்கு வழங்கிய 'பிளாட்ஸ் ஆங்ஸ்ட்', அதாவது சதுக்க அச்சம், இன்று பேச்சு வழக்கில் லிப்ட் போன்ற மூடிய, நெருக்கடியான இடத்தில் வரும் பயத்தையே குறிக்கிறது. அகன்ற வெளிக்கு வைத்த பெயர் அடைத்த அறைக்குப் போய்விட்டது. இதைத் தவறான வழக்கு என்று அகராதிக்காரர்கள் சொல்லலாம். நோயின் உட்கருத்தை மக்கள் நாக்கு சரியாகவே பிடித்திருக்கிறது. வெளியானாலும் அறையானாலும் பயம் ஒன்றே: உடனே வெளியேற முடியாது.

1895இல் ஃபிராய்டும் இந்த இடத்துக்கே வந்தார். இந்த நோயாளிகள் பலரின் நினைவில் முன்பு வந்துபோன ஒரு பதற்றத் தாக்குதல் இருக்கிறது. தப்ப முடியாத இடத்தில் அது மறுபடி வந்துவிடுமோ என்றே அஞ்சுகிறார்கள் என்றார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்வகைக் கையேடு, 1987 பதிப்பில் இதைப் பெரும்பாலும் பதற்றத் தாக்குதலின் கிளையாக வைத்தது. 2013இல் தனி நோயாகப் பிரித்தது. இன்று அது சொல்லும் சூழல்கள் ஐந்து: பொதுப் போக்குவரத்து, திறந்தவெளி, மூடிய இடம், வரிசை அல்லது கூட்டம், வீட்டுக்கு வெளியே தனியாக இருத்தல். இவற்றில் இரண்டிலாவது கடும் அச்சம் வந்து, பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் இந்தப் பெயர் பொருந்தும். திறந்தவெளி ஐந்தில் ஒன்று மட்டுமே. வெஸ்ட்ஃபால் எழுதியது மூன்று ஆண்களைப் பற்றி. இன்று ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது.

தமிழில் அச்சத்துக்குச் சொற்பஞ்சம் இல்லை. பேம், நாம், உரும் என்ற மூன்றுக்கும் அச்சம் என்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். போபியாவுக்கு இன்று சிலர் ஆளும் 'வெருளி' எனக்குப் பிடித்த சொல். வயலில் பறவையை விரட்ட நிறுத்தும் வைக்கோல் பொம்மைக்கும் வெருளி என்றே பெயர். கிட்டே போகாத பறவைக்குத்தான் அது ஆள். தோளில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பறவைக்கு வைக்கோல்.

சிகிச்சையின் அடிப்படையும் இதுதான். படபடப்பு வந்ததும் பேருந்தைவிட்டு இறங்கிவிடுகிறோம். உடனே நெஞ்சு ஆறுகிறது. 'இறங்கியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறுநாள் நிறுத்தத்தைப் பார்த்தாலே படபடப்பு. ஒவ்வொரு ஓட்டமும் அடுத்த ஓட்டத்துக்கு வழி போடுகிறது. ஓடாமல் அங்கேயே இருந்தால், அலை தானாக ஏறித் தானாக வடியும் என்பதை உடல் அறியும். சிந்தனை நடத்தைச் சிகிச்சையில் இதைத்தான் படிப்படியாகப் பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். பெயரின் முன்பாதி நம்மை இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. நோய் இருப்பது பின்பாதியில், அந்த ஓட்டத்தில்.

ஈசிஜி எடுத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிய பிறகும் நெஞ்சு அடைப்பதாகச் சொல்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், எங்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டார் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலோடு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 'மனசைத் தைரியமா வச்சுக்கோ' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். எப்போதும் கூடவே போய்க்கொண்டிருப்பதும் தீர்வாகாது. மருத்துவர் வழிகாட்டலோடு முதலில் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள், பிறகு நான்கு வரிசை தள்ளி, பிறகு அவர் இறங்கும் நிறுத்தத்தில் நில்லுங்கள்.